கல்லீரல் வீங்கும்வரை காத்திருப்பதா?

பரம்பரை ரத்த நோயான தலசீமியா கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அதோடு சேரும் இரும்புச்சத்து கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. இந்தச் சுழலிலிருந்து மீட்கும் சிகிச்சை, கொடையாளரின் ஸ்டெம் செல் மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் இது 1986-லேயே தொடங்கிவிட்டது.

பலன் எதைப் பொறுத்தது? இத்தாலியின் பெசாரோ நகரில் லூக்கரெல்லி குழுவினர் மூன்றைச் சுட்டினர்: கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒழுங்காக எடுக்காதது. மூன்றும் இல்லாத குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது.

கொடையாளராக உடன்பிறந்த ஒருவரின் எச்.எல்.ஏ. எனும் திசு வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தினாலும், கொடையாளரின் செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கக்கூடும்.

கோல் இந்தியா நிதியில் 2017-ல் தொடங்கிய ‘தலசீமியா பால் சேவா’ திட்டம் இந்த மாற்று சிகிச்சைக்கு ரூ.10 லட்சம் வரை உதவுகிறது. வரவேற்போம். ஆனால், கல்லீரல் கெட்டபின் வரும் பணம் பாதிப் பலனே தரும். நோய் உறுதியானதுமே எச்.எல்.ஏ. பரிசோதனை, மாவட்ட மருத்துவமனைகளில் தட்டுப்பாடின்றி இரும்பு நீக்கும் மாத்திரை: இவ்விரண்டையும் அரசு உறுதிசெய்ய வேண்டும்.