காட்டில் கிடக்கும் மான் கொம்பு: பிள்ளையோடு தேடிப் போகலாமா?

மணிமுத்தாறு அருவிக்கு ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை ஓரத்தில் விளையாடிய பிள்ளை, கையில் ஒரு மான் கொம்போடு ஓடி வருகிறது. "அப்பா, இதை வீட்டுக்குக் கொண்டுபோலாமா?"

அமெரிக்காவில் இது குடும்பமாகச் செய்யும் வேலை. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் நகரை ஒட்டிய சரணாலயத்தில் எல்க் மான்கள் உதிர்க்கும் கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள்தான் பொறுக்குகிறார்கள். மே மாதம் அவை ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் போகும். வருமானத்தில் பெரும்பங்கு சரணாலயத்துக்கே. அந்த ரீல்ஸைப் பார்க்கும் பெற்றோருக்கு, 'நம்ம ஊர்ல எப்போ போனா கிடைக்கும்?' என்று தோன்றுவது இயல்புதான்.

நெல்லைக்கான பதில் இதுதான்: பார்க்க எந்த மாதமும் வாய்ப்பு உண்டு, எடுக்க எந்த மாதமும் அனுமதி இல்லை.

கொம்பு ஏன் உதிருது?

புள்ளிமான், மிளா இரண்டிலும் ஆணுக்கு மட்டுமே கொம்பு. அது முழுக்க எலும்பு. வளரும்போது ரத்தம் ஓடும் மென்தோல் போர்த்தியிருக்கும். முற்றியதும் தோல் உரிந்துவிடும். ஹார்மோன் குறையும்போது கொம்பு விழும், பிறகு புதுசு முளைக்கும்.

குளிர்நாட்டு மான்கள் ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கும். நம்ம புள்ளிமான்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். அதனால் இங்கே 'கொம்பு சீசன்' என்று தனியாக ஒன்று கிடையாது.

இன்னொரு சுவாரஸ்யம். நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டானில் இருப்பது புள்ளிமான் சரணாலயம். தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டில் இருப்பது வெளிமான் சரணாலயம். முதல் மான் கொம்பை உதிர்க்கும், இரண்டாவது ஆயுளுக்கும் உதிர்க்காது. வெளிமானின் கொம்பு, ஆட்டுக்கொம்பு போல எலும்பின் மேல் உறை போட்ட நிரந்தரக் கொம்பு.

சட்டம் என்ன சொல்லுது?

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். கங்கைகொண்டான் 2013 முதல் சரணாலயம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்துவரக் கூடாது. மான் கொம்பையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் சிறைத் தண்டனையும் அபராதமும் வரலாம். தெரியாமல் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்துவிட வேண்டும்.

தானா விழுந்ததுதானே, என்ன தப்பு?

நியாயமான கேள்வி. உதிர்ந்த கொம்பின் அடி வட்டமாக, சொரசொரப்பாக இருக்கும். வேட்டையாடி வெட்டிய கொம்பில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும். ஆனால் அடியை அறுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். 'கீழே கிடந்துச்சு' என்ற பதிலை ஏற்றுக்கொண்டால், வேட்டைக்காரரும் அதையே சொல்வார்.

காட்டிலும் அது வீணாவதில்லை. முள்ளம்பன்றியும் எலியும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். சில நேரம் மானே மெல்லும்.

அப்போ பிள்ளைக்கு என்ன சொல்றது?

சட்டம் சரிதான். ஆனால் 'தொடாதே' என்பதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. கொம்பின் கனத்தைக் கையில் உணர்ந்த பிள்ளைக்கு, அதைச் சுமந்த மானும் நினைவில் நிற்கும்.

அதற்கு வழி இருக்கிறது. ரோந்தில் ஊழியர்கள் கண்டெடுக்கும் கொம்புகள் வனத்துறையிடமே சேர்கின்றன. அவற்றில் ஒரு ஜோடியைக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு மேஜையில் வைக்கலாம். பக்கத்திலேயே ஒரு வெளிமான் கொம்பு. எது உதிரும், எது உதிராது என்று விரலே சொல்லிக்கொடுத்துவிடும். பெரிய செலவு ஒன்றுமில்லை, ஓர் உத்தரவு போதும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது எளிது. அனுமதித்த பாதையை விட்டு விலக வேண்டாம். கொம்பு கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், அடிப்பகுதியையும் பல் தடங்களையும் பிள்ளைக்குக் காட்டுங்கள், ஒரு போட்டோ எடுங்கள். பிறகு அங்கேயே விட்டுவிட்டு, காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டு ஷோகேஸில் ஓர் இடம் காலியாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே.