20 வெள்ளியா, 300 வெள்ளியா?

பொழுது விடியுமுன் பிரட்டுக்கு விரையும் நம் தோழர் பலருக்கு மோட்டார் சைக்கிளே கால். ஆனால் தம் லைசென்சு காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

மோட்டார் சைக்கிள் லைசென்சைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 20 வெள்ளி. காருக்கு 30 வெள்ளி. அடையாள அட்டையும் பழைய லைசென்சும் கையிலிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவிலோ தபால் நிலையத்திலோ காரியம் முடிந்துவிடும். தவறினாலோ, 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மூன்றாண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் சோதனைக்கு உட்கார வேண்டும்.

அறியாமையால் மட்டும் தோழர்கள் தள்ளிப் போடுவதில்லை. 20 வெள்ளி கட்டப் போய் ஒரு நாள் கூலியை இழக்க யாருக்கு மனம் வரும்? கைத்தொலைபேசியிலேயே புதுப்பிக்கலாம் என்பது உண்மைதான். முதிய தோழர்களுக்கு அது எட்டாக்கனி.

ஆகவே, கிராணிமார்களே! உங்கள் டிவிஷனிலுள்ளவர்களின் காலாவதித் தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டுங்கள், கைத்தொலைபேசியில் உதவுங்கள். நிர்வாகத்தாருக்கும் சொல்வோம்: இலாகாவுக்குப் போய்வர அரைநாள் விடுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள்.

சட்டத்தை மதிக்கத் தொழிலாளி தயார். அதற்கு அவன் கூலியை விலையாகக் கேட்பது நியாயமன்று.