லண்டன் பாரிஸ்டர் இங்கே வரலாமா? நம்ம ஊர் வக்கீல் அங்கே போகலாமா? கோர்ட்டு வாசலில் சூடு பிடிக்கும் விவாதம்

சென்னை:

வெளிநாட்டு வக்கீல்கள் இந்தியாவுக்குள் வந்தால் நம்ம வக்கீல்கள் பிழைப்பு என்னாகும்? தமிழ்நாட்டு கோர்ட்டு வளாகங்களில் டீக்கடை பெஞ்ச் முதல் பார் அசோசியேஷன் ஹால் வரை அடிபடும் கேள்வி இதுதான். இன்னொரு பக்கம், நம்ம பசங்க லண்டன், சிங்கப்பூர் என்று போய் கொடி நாட்ட இதுதான் நேரம் என்றும் பேச்சு ஓடுகிறது.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை, பாதி பயம் கலந்து கிடக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, கதவு எந்த அளவுக்கு திறந்திருக்கிறது, மாவட்ட கோர்ட்டில் அல்லாடும் ஜூனியர் வக்கீலுக்கு இதில் என்ன லாபம் என்று பார்ப்போம்.

பாரிஸ்டர் என்றால் யார்?

இந்தியாவில் ஒரே சொல்தான், வக்கீல். ஆபீசில் உட்கார்ந்து பத்திரம் எழுதுபவரும் அவர்தான், கோர்ட்டில் நின்று வாதாடுபவரும் அவர்தான். இங்கிலாந்தில் அப்படி இல்லை. கட்சிக்காரரை பார்த்து பேசி, பேப்பர்களை தயார் செய்பவர் சொலிசிட்டர். கோர்ட்டில் ஏறி வாதாடுவதையே தொழிலாக வைத்திருப்பவர் பாரிஸ்டர். பாரிஸ்டர் ஆக வேண்டும் என்றால் லண்டனில் உள்ள லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய 4 சங்கங்களில் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆகணும்.

நம்ம நாட்டுக்கு பாரிஸ்டர் புதுசு ஒன்றும் இல்லை. காந்தி 1891-ம் ஆண்டு இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனவர்தான். ஜெயிலுக்கு போனார் என்பதற்காக 1922-ல் அவர் பெயரை அடித்தார்கள். 1988-ல், அவர் இறந்து 40 வருஷம் கழித்து, மறுபடியும் சேர்த்துக் கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் ஐகோர்ட்டில் பாரிஸ்டருக்கு தனி மவுசு. சுதந்திரத்துக்கு பிறகு 1961-ல் வக்கீல்கள் சட்டம் வந்தது. அதன் பிறகும் கொஞ்ச காலம் பாரிஸ்டர் பட்டத்துக்கு மதிப்பு இருந்தது. 1976 டிசம்பர் 31-ந் தேதிக்குள் பாரிஸ்டர் ஆனவர்கள் அந்த பட்டத்தை வைத்தே இங்கே பதிவு செய்யலாம் என்று சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அதற்கு பிறகு அந்த கதவு சாத்தப்பட்டு விட்டது.

வழக்கு கிளம்பியது சென்னையில்தான்

நாடு முழுக்க பேசப்படும் இந்த விவகாரத்தின் முக்கிய தீர்ப்பு பிறந்தது சென்னை ஐகோர்ட்டில். 2010-ம் ஆண்டு ஏ.கே.பாலாஜி என்ற வக்கீல் ஒரு ரிட் மனு போட்டார். வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் சட்டவிரோதமாக தொழில் செய்கின்றன, தடுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 30-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் எதிர் மனுதாரர்களாக சேர்க்கப்பட்டன.

இதற்கு சற்று முன்பு, 2009 டிசம்பரில் மும்பை ஐகோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லி இருந்தது. கோர்ட்டுக்கு போகாமல் ஆபீசில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதும் வக்கீல் தொழில்தான், அதை இங்கே பதிவு செய்த வக்கீல் மட்டும்தான் செய்யலாம் என்பது அந்த தீர்ப்பு.

சென்னை வழக்கில் தலைமை நீதிபதி எம்.ஒய்.இக்பால், நீதிபதி டி.எஸ்.சிவஞானம் ஆகியோர் 2012 பிப்ரவரி 21-ந் தேதி தீர்ப்பு கூறினார்கள். வெளிநாட்டு நிறுவனம் இங்கே கடை விரித்து தொழில் நடத்த முடியாது என்றார்கள். ஆனால் பிளைட் ஏறி வந்து, தன் நாட்டு சட்டம் பற்றி கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லிவிட்டு திரும்பி போகலாம். சர்வதேச வணிக மத்தியஸ்தத்துக்கு வருவதையும் தடுக்க முடியாது என்றார்கள்.

இதை எதிர்த்து இந்திய பார் கவுன்சில் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் ஆகியோர் 2018 மார்ச் 13-ந் தேதி தீர்ப்பு அளித்தனர். எப்போதாவது வந்து போவது சரி, அடிக்கடி வந்து போனால் அது தொழில் நடத்துவதற்கு சமம் என்று கோடு போட்டார்கள். மத்தியஸ்தத்துக்கு வருவதும் முழு உரிமை அல்ல, அதற்கு விதிகள் வகுக்கலாம் என்றும் சொன்னார்கள்.

தடுத்தவர்களே கதவை திறந்தார்கள்

வருஷக்கணக்கில் முட்டுக்கட்டை போட்ட இந்திய பார் கவுன்சில், 2023 மார்ச் மாதம் திடீரென்று வெளிநாட்டு வக்கீல்களை பதிவு செய்யும் விதிகளை வெளியிட்டது. வக்கீல்கள் மத்தியில் பெரிய சலசலப்பு. 2025 மே மாதம் அந்த விதிகள் திருத்தப்பட்டு மறுபடியும் வெளியாயின.

விதிகளின் சாரம் இதுதான்:

* வெளிநாட்டு வக்கீல் இங்கே பதிவு செய்து கொண்டு தன் நாட்டு சட்டம், சர்வதேச சட்டம் பற்றி ஆலோசனை சொல்லலாம். கம்பெனி இணைப்பு, கூட்டு முயற்சி, ஒப்பந்தம் போன்ற வேலைகளை பார்க்கலாம்.

* கோர்ட்டு, டிரிபியூனல் எதிலும் ஆஜராக கூடாது.

* சொத்து கிரயம், பத்திரம் எழுதுவது, மூலப்பத்திரம் பார்த்து ஒப்பீனியன் கொடுப்பது ஆகியவற்றை தொடவே கூடாது.

* பதிவு செய்யாமல் வந்து போகிறவர் 12 மாதத்தில் 60 நாளுக்கு மேல் தங்க கூடாது.

* எல்லாமே பரஸ்பர அடிப்படையில்தான். அந்த நாடு நம்ம வக்கீலை அனுமதித்தால்தான் இங்கே அவர்களுக்கு அனுமதி.

2023 விதிகளில் பதிவு கட்டணமே தனி வக்கீலுக்கு 25 ஆயிரம் டாலர், நிறுவனத்துக்கு 50 ஆயிரம் டாலர் என்று வைத்தார்கள். நம்ம ஊரில் ஒரு பட்டதாரி வக்கீலாக பதிவு செய்ய 750 ரூபாய்க்கு மேல் வாங்க கூடாது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்க கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து பார்த்தால் புரியும். 25 ஆயிரம் டாலர் கட்டி வருகிறவர் குறி வைப்பது பெரிய கம்பெனிகளை. முன்சீப் கோர்ட்டு வாய்க்கா தகராறுக்கு அவர் வரப்போவது இல்லை.

நாம அங்கே போக வழி என்ன?

இங்கிலாந்தில் சட்டம் வேற மாதிரி இருக்கிறது. கோர்ட்டில் வாதாடுவது, வழக்கை நடத்துவது, சொத்து பத்திரம், உயில் நிரூபிப்பது உள்ளிட்ட 6 வகை வேலைகளை மட்டும் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்று 2007-ம் ஆண்டு சட்டத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றபடி இந்திய சட்டம் பற்றி லண்டனில் உட்கார்ந்து இந்திய வக்கீல் ஆலோசனை சொல்ல தடை இல்லை. 'நாங்க விட்டிருக்கோம், நீங்க ஏன் விடலை' என்பதுதான் அவர்கள் தரப்பு பல வருஷமாக கேட்டு வந்த கேள்வி.

அங்கே முழு வக்கீலாகவே ஆகணுமா? அதற்கும் வழி உண்டு. சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்.கியூ.இ. என்ற பரீட்சை நடக்கிறது. எந்த நாட்டுக்காரரும் எழுதலாம். மற்றவர்களுக்கு 2 வருஷ வேலை அனுபவம் கட்டாயம். ஏற்கனவே சொந்த நாட்டில் வக்கீலாக இருப்பவருக்கு அது தேவை இல்லை. முதல் கட்டத்தில் மட்டும் 360 கேள்விகள். பாரிஸ்டர் ஆக விரும்பும் வெளிநாட்டு வக்கீல்களுக்கு தனியாக ஒரு டிரான்ஸ்பர் டெஸ்ட் இருக்கிறது.

இப்படி எல்லை தாண்டியவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஹரீஷ் சால்வே. முன்னாள் சொலிசிட்டர் ஜெனரலான இவர், பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட குல்பூஷண் ஜாதவுக்காக சர்வதேச கோர்ட்டில் இந்தியா சார்பில் வாதாடினார். அந்த வழக்குக்கு அவர் வாங்கிய பீஸ் 1 ரூபாய் என்று அப்போதைய வெளியுறவு மந்திரி சுஷ்மா சுவராஜ் 2017-ல் தெரிவித்தார். 2020-ல் இங்கிலாந்தில் ராணியின் வக்கீல் என்ற உயர்ந்த பட்டமும் சால்வேக்கு கிடைத்தது.

சிங்கப்பூரிலும் கதவு திறந்திருக்கிறது. 2015-ல் தொடங்கப்பட்ட சர்வதேச வணிக கோர்ட்டில், சிங்கப்பூரோடு பெரிய தொடர்பு இல்லாத வழக்குகளில் பதிவு பெற்ற வெளிநாட்டு வக்கீல் ஆஜராகலாம். குறைந்தது 5 வருஷம் வாதாடிய அனுபவமும் ஆங்கில புலமையும் வேண்டும்.

இந்தியா-இங்கிலாந்து இடையே 2025 ஜூலை 24-ந் தேதி வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. விஸ்கி, கார், துணி என்று பல சரக்குக்கு வரி குறைப்பு பேசினார்கள். ஆனால் வக்கீல் தொழிலை அதில் சேர்க்கவில்லை. லண்டன் வக்கீல் அமைப்புகளுக்கு இதில் ஏமாற்றம்தான். ஆக, இப்போதைக்கு வழி பார் கவுன்சில் விதிகள் மட்டும்தான்.

ஜூனியர்களின் வயிற்றெரிச்சல்

இதெல்லாம் யாருக்கு? இங்கேதான் விவகாரமே இருக்கிறது.

இங்கிலாந்தில் பாரிஸ்டரிடம் தொழில் பழகும் ஜூனியருக்கு ஒரு வருஷ பயிற்சி. அந்த காலத்துக்கு குறைந்தபட்ச தொகை கொடுத்தே ஆகணும். சும்மா வேலை வாங்க முடியாது. இங்கே? சீனியர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் பஸ் காசும் கைக்காசுதான். 2024 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய், மற்ற ஊர்களில் 15 ஆயிரம் ரூபாய் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே தொகையை சிபாரிசு செய்தது. சிபாரிசு என்பது சிபாரிசுதான், கட்டாயம் இல்லை.

மாதம் 15 ஆயிரத்துக்கே வழி இல்லாத பையன், பவுண்டில் பீஸ் கட்டி லண்டன் பரீட்சை எழுதுவது எப்படி? அரசு சட்டக்கல்லூரியில் படித்து, வாய்தாவுக்கு வாய்தா ஓடிக் கொண்டிருக்கும் முதல் தலைமுறை வக்கீல் கேட்கும் கேள்வி இது. அப்பா வக்கீல், மாமா வக்கீல் என்று வருகிறவனுக்கு மட்டும் இந்த கதவு திறந்தால், உள்ளூர் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

வேலை இங்கேயே வருகிறது

ஆனால் பிளைட் ஏறினால்தான் வெளிநாட்டு வேலை என்று நினைப்பது தப்பு. மாவட்ட கோர்ட்டுக்கே அந்த வேலை தேடி வருகிறது என்பது பலருக்கு தெரியவில்லை.

சிவில் நடைமுறை சட்டத்தில் 44-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் உயர் கோர்ட்டுகள் தரும் பண டிக்ரியை இங்கே மாவட்ட கோர்ட்டிலேயே நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம். புதுசாக வழக்கு போட வேண்டாம். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்சும் இந்த பட்டியலில் சேர்ந்தது. துபாயில் கடன் வாங்கிவிட்டு ஊருக்கு வந்துவிட்டால் தப்பித்தோம் என்ற கதை இனி செல்லாது. ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சை, புதுக்கோட்டை என்று வெளிநாட்டு சம்பாத்தியத்தை நம்பி இருக்கும் மாவட்டங்களில் இந்த மனுவை போடவும் வக்கீல் வேண்டும், எதிர்க்கவும் வக்கீல் வேண்டும்.

அடுத்தது விவாகரத்து. வெளிநாட்டு கோர்ட்டில் டைவர்ஸ் வாங்கிவிட்டேன் என்று பேப்பரை அனுப்பினால் மட்டும் போதாது. இந்து திருமண சட்டத்தில் இல்லாத காரணத்தை சொல்லியோ, மனைவி கோர்ட்டுக்கு உட்படாமலேயோ வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக சொல்லி இருக்கிறது. ஊரில் விடப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு இது வாழ்க்கை பிரச்சினை. இதை எடுத்து சொல்ல விஷயம் தெரிந்த வக்கீல் பக்கத்திலேயே இருக்கணும்.

மூன்றாவது, ஒப்பீனியன். வெளிநாட்டு கோர்ட்டில் இந்திய சட்டம் பற்றி கேள்வி எழுந்தால், இந்திய வக்கீலிடம்தான் நிபுணர் கருத்து கேட்பார்கள். இந்து கூட்டுக்குடும்ப சொத்து, உயில், பவர் பத்திரம் இதெல்லாம் லண்டன் பாரிஸ்டருக்கு புரியாத சங்கதி. நம்ம ஊர் வக்கீலுக்கு அன்றாட வேலை.

என்ன செய்யணும்?

சட்டக்கல்லூரியில் சர்வதேச தனியார் சட்டத்தையும் மத்தியஸ்தத்தையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பாடமாக வைக்காமல், மனு எழுதி பழகும் பயிற்சியாக மாற்றணும். ஆங்கிலத்தில் வாதுரை எழுத மாவட்ட அளவில் பயிற்சி கொடுக்கணும். வெளிநாட்டு வக்கீல்களிடம் வாங்கும் டாலர் கட்டணத்தில் ஒரு பங்கை, வசதி இல்லாத ஜூனியர்கள் வெளிநாட்டு தகுதி தேர்வு எழுத உதவித்தொகையாக திருப்பி விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இது பார் கவுன்சில் கையில் இருக்கிற விஷயம்.

கோர்ட்டு வாசல்படி இன்னும் நம்ம வக்கீல்கள் கையில்தான் இருக்கிறது. அதை யாரும் பறிக்கவில்லை. பயப்பட வேண்டியது லண்டனில் இருந்து வரும் பாரிஸ்டரை பார்த்து அல்ல. துபாய் டிக்ரியோடு வாசலில் வந்து நிற்கும் கட்சிக்காரரிடம், "இது எனக்கு தெரியாது சார், சென்னைக்கு போங்க" என்று சொல்லி அனுப்பும் நிலைமையை பார்த்துத்தான்.