ஆழிப்பேரலையும் ஆண்டவன் ஆற்றலும்

செபராங் ஜெயாவிலிருந்து சில கல் தொலைவில், புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னம்மாள் ஆலயம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் சூலை 26ஆம் நாளையொட்டி அங்கு மெழுகுவத்தி ஏந்திச் செல்லும் கூட்டத்தில் தமிழர் பலர். அவர்களை எள்ளி நகைப்போர் ஒரு வினாவைப் படைக்கலமாகக் கொண்டுள்ளனர்: "2004 திசம்பர் 26இல் உங்கள் கடவுள் எங்கிருந்தார்?"

வினா வலியதே. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள். சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியதால் எழுந்த பேரலை பினாங்குத் தீவையும் கோலா மூடாவையும் தாக்கியது. வேளாங்கண்ணிக் கடற்கரையிலோ நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; அவர்களுட் பலர் வழிபட வந்தவர்கள்.

இதற்குப் பத்தர் சிலர் கூறும் விடை யாது? "ஆலயத்திற்குள் நீர் புகவில்லை, புதுமை பாரீர்!" இதனினும் இரக்கமற்ற சொல் உண்டோ? சுவர் நனையாதது புதுமையெனின், கரையில் மகவை இழந்த தாய்க்கு அப்புதுமை என்ன ஆறுதல் தரும்? நாத்திகர் ஆயிரம் மேடைகளில் செய்யவியலாத கேட்டினை இவ்வொரு விடை செய்துவிடுகிறது.

ஆயினும் நாத்திகர் தீர்ப்பும் பொருந்தாது. ஆற்றலுடையவன் காக்க வேண்டும், காவாவிடின் அவன் இல்லை என்பது காப்புறுதி நிறுவனத்தோடு பேசும் பேச்சு. கிறித்துவ நம்பிக்கை அவ்வாறு பேசியதில்லை. யோபு தன் பத்து மக்களையும் ஒரே நாளில் இழந்தான். புயலினின்று இறைவன் பேசியபோதும் அதற்குக் காரணம் கூறவில்லை. காரணம் கூறியவர்கள் அவனுடைய நண்பர்களே; கடிந்துகொள்ளப்பட்டவர்களும் அவர்களே! சிலுவையில் தொங்கியவரிடமும் கூட்டம் இத்தகைய சான்றையே கேட்டது. அவர் இறங்கி வரவில்லை.

பேரலையின் காரணத்தை நிலநூல் தெளிவாகக் கூறும். மாணவர் அதனை ஐயமறக் கற்கட்டும். ஆனால், நிலத்தட்டின்மீது எவரும் சினங்கொள்வதில்லை. "எங்கிருந்தார்?" என்று சினப்பவன், அச்சினத்தைக் கேட்க ஒருவர் இருத்தல் வேண்டும் என்றே உள்ளூர எதிர்பார்க்கிறான். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கக் கேட்டு, படைத்தவனைப் பண்பற்றவன் எனச் சாடினார். படைத்தவனே இல்லையென்று கூறினாரில்லை. தமிழாசிரியர் அப்பாடலை நடத்துங்கால் இவ்வேறுபாட்டைச் சுட்டினால், வகுப்பில் நல்லதொரு வாதம் பிறக்கும்.

வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் திசம்பர் 26இல் மாண்டோர்க்காக வழிபாடு நடைபெறுகிறது. உற்றாரை இழந்தோர் அங்கு வந்து நிற்கின்றனர். ஏன் நிகழ்ந்தது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. விடையின்றியே மெழுகுவத்தி ஏற்றுகின்றனர்.