காலிமுகத்திடலும் பிள்ளையளின்ர கேள்வியளும்

காலிமுகத்திடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போறதைப் பற்றி எழுத என்ன இருக்கு எண்டு கேப்பீங்கள். பட்டம், இறால் வடை, ஐஸ்கிறீம், சூரியன் கடலுக்குள்ள விழுறது, பிறகு பஸ். கொழும்பில இருக்கிற எல்லாரும் செய்யிறதுதான். ஆனா எங்கட ஆக்கள் கன பேர் அந்த இடத்தை இவ்வளவோட முடிச்சுக்கொண்டு வாறது எனக்குப் பிடிக்கேல்லை. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ :-)

அங்க நடைபாதையில ஒரு கல் இருக்கு. எத்தினையோ பேர் அதைத் தாண்டிப் போவினம், நிண்டு வாசிக்கிற ஆளைக் காணேலாது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல தொடங்கி 1859 இல முடிச்ச நடைபாதை எண்டு அதில இங்கிலீசில பொறிச்சிருக்கு. அதோட விடேல்லை. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ எண்டு தனக்குப் பின்னால வாற ஆக்களுக்குப் பாரம் குடுத்திட்டுப் போயிருக்கிறார் மனுசன். அவர் மனசில இருந்த பெண்களும் பிள்ளையளும் ஆர் எண்டு எங்களுக்கு விளங்காமலில்லை. குதிரை வண்டிலில காத்து வாங்க வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள்தான். எண்டாலும் எழுதினது எழுதினதுதானே. ஏழு வயசு மகளுக்கு அதை வாசிச்சுக் காட்டினால், "அப்ப இது எங்கட இடமோ அப்பா?" எண்டு கேட்டாள். ஓம் எண்டு சொன்னன். அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

முதல்ல நடைமுறை விசயங்கள். மத்தியானத்தில போகாதேங்கோ. ஒதுங்கி நிக்க நிழல் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, பிள்ளையள் கருகிப் போடும். நாலரை போலப் போனால் ஆறு, ஆறரைக்கு சூரியன் மறையிறதைப் பாத்திட்டு வரலாம். வெள்ளவத்தைப் பக்கத்தில இருந்தால் 100, 101 பஸ் நேர கொண்டுபோய் இறக்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து. அலை சுவரில அடிச்சு நடைபாதைக்கு மேலயே தெறிக்கும். பிள்ளையளுக்கு அது ஒரு பெரிய கொண்டாட்டம், நனையட்டும் விடுங்கோ. ஆனா படியால இறங்கித் தண்ணியில கால் வைக்கிற இடத்தில கையை விடாதேங்கோ. வடைக்காரரிட்ட உறைப்புச் சம்பலை வேறயாத் தரச் சொல்லுங்கோ.

மற்றது, குடைக்குக் கீழ இருக்கிற சோடிகள். "மழையே இல்லையே, ஏன் அவையள் குடை பிடிச்சுக்கொண்டு இருக்கினம்?" எண்டு எந்தப் பிள்ளையும் கேக்கும். வெயிலுக்கு எண்டு சொல்லிச் சமாளியுங்கோ. சூரியன் மறைஞ்ச பிறகும் குடை விரிஞ்சிருந்தால் அது உங்கட பாடு.

இனித்தான் விசயத்துக்கு வாறன். திடலின்ர வடக்குப் பக்கத்தில எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின்ர பெரிய சிலை நிக்குது. "அது ஆர் அப்பா?" எண்டு மகன் கேட்டான். பதினொரு வயசு, பள்ளிக்கூடப் புத்தகத்தில பேர் படிச்சவன். முந்திப் பிரதமரா இருந்தவர் எண்டு சொல்லிப்போட்டு ஐஸ்கிறீம் பக்கம் திருப்பியிருக்கலாம். கன அப்பாமார் அதைத்தான் செய்யினம். நான் செய்யேல்லை.

1956 ஜூன் 5. தனிச்சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். இப்ப ஜனாதிபதி செயலகமா இருக்கிற அந்தத் தூண் வைச்ச கட்டடம்தான் அப்ப பாராளுமன்றம். அதுக்கு முன்னால இந்தப் புல்லில செல்வநாயகமும் தமிழரசுக் கட்சிக்காரரும் சத்தியாக்கிரகம் எண்டு அமைதியா இருந்தவை. ஒரு கூட்டம் வந்து அடிச்சுது. அமிர்தலிங்கத்துக்கு மண்டை உடைஞ்சு, கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்குள்ள போனவர். அண்டைக்குத் தொடங்கின கலவரம் கொழும்பில பரவி, பிறகு கல்லோயா வரைக்கும் போய் உயிர்களைக் குடிச்சுது. இதைச் சொல்லுற ஒரு கல்லும் அந்தத் திடலில என்ர கண்ணில படேல்லை. சிலை மட்டும் நிக்குது.

இதை மகனுக்குச் சொன்னன் எண்டு கேள்விப்பட்டு வீட்டில ஒரு சண்டை. "சின்னப் பிள்ளையளின்ர தலைக்குள்ள ஏன் இதையெல்லாம் போடுறியள்? பட்டம் விடத்தானே கூட்டிக்கொண்டு போனீங்கள்?" எண்டு மச்சான் கேட்டார். அவருடைய பயத்தில நியாயம் இருக்கு. இந்த ஊரில வளரப்போற பிள்ளை, பக்கத்து வாங்கில சிங்களப் பிள்ளை. கசப்பை ஊட்டி வளத்தால் அதைச் சுமக்கப்போறது அவன்தான்.

ஆனா சொல்லாமல் விடுறதால கசப்பு வராது எண்டு ஆர் சொன்னது? எங்களுக்கு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லேல்லை. பெரியாக்கள் ரகசியம் பேசேக்க அரைகுறையாக் காதில விழுந்ததுதான். அப்பிடிக் கேட்ட கதைதான் பேய்க்கதை மாதிரி மனசில நிக்கும். வெளிச்சத்தில, கடல்காத்தில, கையில சோளம் வைச்சுக்கொண்டு அப்பாவிட்டக் கேக்கிற கதை வேற. அதோட, நான் கதையை 1956 இல நிப்பாட்டேல்லை.

2022 ஏப்ரல் 9 இல இருந்து அதே இடத்தில இளம் பெடியளும் பெட்டையளும் கூடாரம் அடிச்சு ஒரு ஊரே உருவாக்கினவை. நூலகம்கூட இருந்தது. மே 9 இல அலரி மாளிகைப் பக்கமிருந்து வந்த அரசாங்க ஆதரவாளர் அடிச்சு நொருக்கினவை. ஜூலை 22 விடியப்புறம் இராணுவமும் வந்து அடிச்சுது. இதைக் கேட்டவுடன மகன் கேட்ட கேள்வி: "அப்ப சிங்கள ஆக்களுக்கும் அடிச்சவையோ?" பதினொரு வயசில அந்தக் கேள்வி வந்தால் எனக்குப் போதும். கசப்பு அந்த வழியால வராது. அதே 2022 மே 18 அண்டு அந்தத் திடலில முள்ளிவாய்க்கால் நினைவு வைச்சுக் கஞ்சி குடுத்தவை, சிங்கள ஆக்களும் வாங்கிக் குடிச்சவை எண்டதையும் சொன்னன். அதால எல்லாம் மாறிப்போச்சு எண்டு கதை விடேல்லை. கஞ்சி ஒரு நாள், சட்டங்கள் கன வருசம். ஆனா அந்தப் புல்லில நடந்த ரெண்டு விசயத்தையும் ஒரே பின்னேரம் கேட்ட பிள்ளை, ஒண்டை மட்டும் கேட்ட பிள்ளையை விடக் கொஞ்சம் நேரா யோசிக்கும் எண்டது என்ர கட்சி.

மகளுக்கு இவ்வளவும் சொல்லேல்லை. "எங்கட பாசையும் வேணும் எண்டு இதில கொஞ்சப் பேர் இருந்தவை, அவைக்கு அடிச்சுப்போட்டினம்." அவ்வளவுதான். "அழுதவையோ?" எண்டு கேட்டாள். தெரியாது எண்டன். பிறகு பட்டம் மேல ஏறிச்சுது, மறந்திட்டாள். ஏழு வயசுக்கு அது சரி.

இப்ப வடமேற்கால பாத்தால் கடல் இல்லை, 2014 இல தொடங்கி கடலை நிரப்பிக் கட்டின துறைமுக நகரம்தான். 269 ஹெக்டயர். அஞ்சு ஹெக்டயர் திடலுக்குப் பக்கத்தில யோசிச்சுப் பாருங்கோ. முந்தி அந்தப் பக்கமும் வெறும் தண்ணிதான் எண்டால் என்ர பிள்ளையள் நம்பினமில்லை. வார்ட்டின்ர கல்லில கடலைப் பற்றி ஒண்டும் எழுதாதது குறைதான்.

கொழும்பில இருக்கிற பதிவர்கள், லீவுக்கு வந்து போற புலம்பெயர்ந்த நண்பர்கள், உங்கட பிள்ளையள் அந்தச் சிலையைக் காட்டி ஆர் எண்டு கேட்டவையோ? என்ன சொன்னனீங்கள்? மச்சான் பக்கம் நிக்கிற ஆக்களும் வந்து எழுதுங்கோ, சண்டைக்கு ரெடி :-)