ஏசி எஸ்டிமேட்ல வெட்டக் கூடாத லைன்

டெல்லி, குருகிராம், நொய்டா பக்கம் வேலைக்குப் போன நம்ம சேனல் நண்பர்கள் பலர் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசி வாங்குறாங்க. நல்ல முடிவுதான். ரூம் ஹீட்டர் 1 யூனிட் கரண்டுக்கு 1 யூனிட் சூடுதான் தரும். இது ஹீட் பம்ப். வெளிக்காத்துல இருக்கிற வெப்பத்தை உள்ளே கொண்டு வர்றதால சுமார் 3 யூனிட் அளவுக்குத் தரும். ஆக, வாங்குற கணக்கு சரி. கோட்டை விடுறது ரிப்பேர் கணக்குல.

கம்ப்ரஸர் போச்சுன்னா "10 வருஷ வாரன்ட்டி இருக்கே"ன்னு நிம்மதியா இருப்போம். கார்டைப் படிச்சுப் பாருங்க. பெரும்பாலும் கம்ப்ரஸர்ங்கிற பாகத்துக்கு மட்டும்தான் வாரன்ட்டி. கேஸ், கூலி, மத்த சாமான் எல்லாம் நம்ம தலையில. அந்த மீதி பில்லைக் குறைக்க முதல்ல வெட்டுறது 'ஃபில்டர் டிரையர்'ங்கிற லைனை. பேரும் புரியாது, ஆளும் சின்னது. "பழசே இருக்கட்டும்"னு சொல்லிடுறோம். என்னைக் கேட்டா, அந்த எஸ்டிமேட்ல கை வைக்கவே கூடாத லைன் அதுதான்.

குழாயைத் திறந்தா காத்தும் ஈரமும் உள்ளே போகும். இப்போ வர்ற கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தை சட்டுனு உறிஞ்சும். ரெண்டும் சேர்ந்தா ஆசிட் உருவாகும், அது மோட்டார் வைண்டிங்கோட இன்சுலேஷனை அரிக்கும். பழைய கம்ப்ரஸர் எரிஞ்சு போயிருந்தா, ஆசிட்டும் கரியும் ஏற்கெனவே குழாய்க்குள்ள இருக்கும். இதைப் பிடிச்சு வைக்கத்தான் டிரையர். அது நிரம்பிட்டா அதுக்கப்புறம் எதையும் பிடிக்காது. உதாரணத்துக்கு, 15,000 ரூபாய் பில்லுல 1,000 ரூபாயை வெட்டினா மிச்சம் 1,000. புது கம்ப்ரஸரும் எரிஞ்சா அந்த 14,000 மறுபடியும். இது சேமிப்பா?

ஹீட் பம்ப்ல இன்னொரு சிக்கல். குளிர்காலத்துல ரிவர்ஸிங் வால்வு கேஸோட திசையை மாத்திடும். சாதாரண டிரையர்ல ஒரே அம்புக்குறி. எதிர்த்திசையில ஓட்டம் வந்தா பிடிச்சு வெச்ச குப்பையைத் திரும்ப சிஸ்டத்துக்குள்ளேயே தள்ளிடும். அதனால ரெண்டு பக்கமும் அம்புக்குறி போட்ட 'பை-ஃப்ளோ' டிரையர் வேணும். உங்க கேஸுக்கு, அதாவது ஆர்-410ஏ, ஆர்-32 மாதிரி, அதோட பிரஷருக்கு ஏத்ததாவும் இருக்கணும். கடையில கைக்குக் கிடைச்சதை மாட்டினா செலவு மட்டும்தான் ஆகும்.

ஒண்ணு சொல்லிடறேன்: எல்லா ஸ்ப்ளிட் ஏசியிலும் டிரையர் இருக்காது. பல சின்ன மாடல்கள்ல வெறும் ஸ்ட்ரெய்னர் வலைதான். உங்க மாடலுக்கு என்னன்னு கம்பெனி சர்வீஸ்ல கேட்டுட்டு எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்லுங்க. டிரையர் மாட்டியாச்சுன்னு வாக்குவம் போடாம கேஸ் அடிக்கவும் விடாதீங்க.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம் சார்"னு ஒரு குரல் வரும். வேண்டாம். புது கம்ப்ரஸரும் மக்கர் பண்ணினா, என்ன மாட்டினாங்கன்னு காட்ட உங்க கையில இருக்கப் போறது அந்த பில் ஒண்ணுதான். அதுல டிரையர் தனி லைனா, மாடல் நம்பரோட இருக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி அம்புக்குறி தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, வாரன்ட்டி கார்டு இருக்கிற அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க.