ஆம்ப்புக்கும் பாக்ஸுக்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

கல்ச்சுரல்ஸுக்கு உங்க பேண்ட் ரெடியா பாஸ்? வாடகைக்கு ஒரு கிடார் ஆம்ப், சீனியர்கிட்ட கெஞ்சி வாங்கின ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். சொருகி ஆன் பண்றதுக்கு முன்னாடி ரெண்டையும் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. 4, 8, 16னு ஒரு நம்பர், பக்கத்துல குதிரை லாடம் மாதிரி ஒரு குறி. அதுதான் ஓம். அதாவது இம்பிடென்ஸ். இந்தப் பொருத்தம் தப்பினா, போட்ட டெபாசிட் திரும்பி வராது!

முதல்ல, உங்க ஆம்ப் எந்த ஜாதி?

டிரான்சிஸ்டர் ஆம்ப்னா 'மினிமம் 4 ஓம்'ங்கிற மாதிரி எழுதியிருக்கும். அதுல 8 ஓம் பாக்ஸ் மாட்டலாம். பவர் கிட்டத்தட்ட பாதியாகும். ஆனா சத்தம் லேசாத்தான் குறையும். 2 ஓம் மட்டும் கூடவே கூடாது. கரன்ட் எகிறி, சூடாகி, உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர் அவுட்!

வால்வ் ஆம்ப் கொஞ்சம் கறார் பேர்வழி. 8 ஓம் பாக்ஸுன்னா 8 ஓம் சாக்கெட், 16ன்னா 16. ஸ்விட்ச் இருந்தா அதையும் அதே நம்பருக்குத் திருப்பணும். முக்கியமா, ஸ்பீக்கர் மாட்டாம வாசிக்கவே கூடாது. வோல்டேஜ் ஏறி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சிடும்.

அடுத்து, எல்லாரும் ஏமாறுற இடம். சத்தம் பத்தலைன்னு ரெண்டாவது பாக்ஸையும் மாட்டுவோம். ரெண்டு 8 சேர்ந்தா 16னு நினைப்போம். இல்லீங்க! ஆம்ப்ல இருக்கிற ரெண்டு ஸ்பீக்கர் சாக்கெட்டும் பெரும்பாலும் பக்க இணைப்பு. ப்ளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் வருதா? ஒரே ஓம் உள்ள ரெண்டு பாக்ஸுன்னா, விடை பாதி. ரெண்டு 16 சேர்ந்தா 8. ரெண்டு 8 சேர்ந்தா 4. ரெண்டு 4 சேர்ந்தா 2. மினிமம் 4 ஓம் ஆம்புக்கு அந்த 2 எமன்.

பாக்ஸ்ல நம்பர் அழிஞ்சிருக்கா? எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல மல்டிமீட்டர் கேளுங்க. 8 ஓம் பாக்ஸ் சுமார் 6, 7னு காட்டும். பயப்படாதீங்க, மீட்டர் அளக்கிறது கம்பிச்சுருளோட டி.சி. ரெசிஸ்டன்ஸை மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. ஆம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவுல கிடார் கேபிளைச் சொருகாதீங்க. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெலிசு, இவ்வளவு கரன்ட்டைத் தாங்காது. தடிமனான ஸ்பீக்கர் கேபிள்தான் சரி.

நம்பர் பார்த்தாச்சா? இப்போ வால்யூமை ஏத்துங்க, ஆடிட்டோரியம் அதிரட்டும்!